எட்டாம் தடத்தில் வெர்லின்

வெர்லின் மொடெஸ்டைக் கிரெனடாத் தீவிலுள்ள எங்கள் குயாவ் ஊரில் பாதிப் பேர் இன்னமும் ‘சீமைப்பலா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பழுத்த சீமைப்பலா மரத்திலிருந்து சொத்தென்று விழுமே, அப்படித்தான் அவள் 1984இல் பள்ளிகளுக்கிடையே நடந்த ஓட்டப்பந்தயத்தில் விழுந்தாள். யாரும் தள்ளவில்லை, கால் இடறவும் இல்லை. துப்பாக்கி வெடித்தது. மற்றப் பெண்கள் பாய்ந்து ஓடினார்கள். வெர்லின் மட்டும் புல்லில் முகத்தைப் புதைத்து, இரண்டு கைகளாலும் பின்னந்தலையை மூடிக்கொண்டு கிடந்தாள்.

குவீன்ஸ் பார்க் மைதானமே சிரித்தது. பிறகு அவள் எழுந்தாள். எழுந்த வேகத்தில் ஓடினாள். நூறு மீட்டர் ஓட்டத்தில் விழுந்து கிடந்தவளுக்கு இனி என்ன மிச்சமிருக்கும் என்று நினைத்தவர்கள் வாயை மூடுவதற்குள் நாலு பேரைத் தாண்டிவிட்டாள். மூன்றாவதாக வந்தாள். வந்தும் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, வேலியைத் தாண்டி, ஆற்றங்கரை வரைக்கும் போய்விட்டாள்.

எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் எதெல்பர்ட் ரெஜிஸ் என் பக்கத்தில்தான் நின்றார். “பாத்தியா டெஸ்ரா? விழுந்து எழுந்தே மூணாவது வர்றா. விழாம ஓடினா இவ எங்க போய் நிப்பா?” என்று கேட்டார். அவள் ஏன் விழுந்தாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்பதும் சந்தேகம்தான். அந்த வருஷம் எங்கள் தீவில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

நானும் வெர்லினும் ஒரே தெரு, ஒரே வகுப்பு. 1983 அக்டோபரில் எங்களுக்குப் பதினைந்து வயது. அன்று காலை செயின்ட் ஜார்ஜஸ் நகரமே தெருவில் இறங்கியிருந்தது. சொந்தக் கட்சிக்காரர்களே வீட்டுச் சிறையில் வைத்திருந்த எங்கள் பிரதமரை ஜனங்கள் போய் விடுவித்துவிட்டார்கள், எல்லோரும் கோட்டைக்குப் போகிறார்கள் என்றார்கள். பள்ளிச் சீருடையோடு நாங்களும் லாரி ஏறித் தலைநகருக்குப் போனோம். திருவிழாவுக்குப் போகிற மாதிரிதான் போனோம். வெர்லின் என் கையைப் பிடித்திருந்தாள். ஒருத்தி வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தாள், அது நன்றாக ஞாபகமிருக்கிறது.

கவச வண்டிகள் மேலே ஏறி வந்ததைப் பார்த்து முதலில் சில பேர் கைதட்டினார்கள். நம் ராணுவத்துப் பையன்கள்தானே என்று. அப்புறம் சுட ஆரம்பித்தார்கள்.

கோட்டைச் சுவர் எவ்வளவு உயரம் என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. பின்னாலிருந்து தள்ளினார்கள், நாங்கள் குதித்தோம். என் கணுக்கால் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. புதருக்குள் கிடந்தபடி வெர்லினைப் பார்த்தேன். அவள் நல்லபடி இறங்கிவிட்டாள். மேலே மறுபடியும் படபடவென்று வெடித்தது. தலையை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். பிறகு ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

என்னை முன்பின் தெரியாத ஒரு தையற்காரி தன் வீட்டுக்குள் இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தினாள். அன்று மாலை ஊரடங்கு. தலை தெரிந்தால் சுடுவோம் என்று வானொலியில் சொன்னார்கள். நாலு நாள் அந்த வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடந்தேன். வெர்லின் பாதி வழி லாரியிலும் பாதி வழி கடற்கரைச் சாலையில் ஓட்டமுமாக, ஒற்றைச் செருப்போடு குயாவுக்கு வந்து சேர்ந்தாளாம். என் அம்மா அவள் வீட்டு வாசலில் வந்து நின்று, “என் பொண்ணு எங்கடி? கூடத்தானே போனீங்க?” என்று கேட்டிருக்கிறாள். வெர்லின் வாய் திறக்கவே இல்லை. என் அம்மா எனக்காக அழுது தீர்த்துவிட்டாள். அப்புறம் அமெரிக்க விமானங்கள் வந்தன. அது வேறு கதை. நான் தாங்குகட்டையோடு ஊர் திரும்பியபோது வெர்லின் என்னைப் பார்க்க வரவில்லை. பள்ளி திறந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் இல்லாத நாள்களில் எழுதிய பாடத்தையெல்லாம் எனக்காகப் படியெடுத்துக் கொடுத்தாள். கோட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

ரெஜிஸ் சாருக்கு இது ஒன்றும் தெரியாது. சத்தத்துக்குப் பயப்படுகிறாள், பழக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டார். காலையில் குயாவ் கடற்கரைக்கு ஓட்டம் தொடங்கிவைக்கிற துப்பாக்கியோடு வந்துவிடுவார். வெர்லினை மணலில் உட்காரவைத்துப் பின்னால் நின்று சுடுவார். ஒவ்வொரு வெடிக்கும் அவள் உடம்பு முழுக்கத் துள்ளும். மூன்றாவது வெடிக்கு வாந்தி எடுப்பாள். மறுபடி வாயைத் துடைத்துக்கொண்டு உட்காருவாள். படகில் வலையை அடுக்கிக்கொண்டிருந்த மீனவர்கள், “சார், எங்க டியூனா மீனெல்லாம் டிரினிடாடுக்கு ஓடிப்போகுது” என்று கத்துவார்கள்.

ஒருநாள் வெர்லினின் அம்மா மிஸ் அயன்தி மீன் வெட்டிய கத்தியோடு அப்படியே வந்து நின்றாள். கத்தியில் செதில் ஒட்டியிருந்தது.

“என்ன பண்றீங்க என் பொண்ண?”

“துப்பாக்கிச் சத்தத்துக்குப் பழக்கறேன் மிஸ் அயன்தி.”

“எதுக்கு? அடுத்த தடவை சுடும்போது சௌகரியமா நின்னு வாங்கிக்கவா?”

சார் புரியாமல் விழித்தார். “இவ கோட்டையில இருந்தா சார். இந்தா, இந்த டெஸ்ராவும் இருந்தா” என்றாள் மிஸ் அயன்தி. அவர் துப்பாக்கியைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஒரு படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். மறுவாரம் வந்து, “நூறு மீட்டர் வேணாம். அதுல ஒரு நொடி போனா போனதுதான். நானூறு மீட்டர் ஓடு. பயந்துக்க, விழு, என்ன வேணா பண்ணு. துரத்திப் பிடிக்க நேரம் இருக்கு” என்றார். என்னைப் பார்த்து, “உனக்குக் கால்தான் போச்சு, கை நல்லாத்தானே இருக்கு? நீ குண்டு எறி” என்றார். இப்படித்தான் குண்டுக்குப் பயந்தவளும் குண்டு எறிகிறவளுமாக நாங்கள் இரண்டு பேரும் உலகம் சுற்றக் கிளம்பினோம்.

நானூறு மீட்டரில் ஒரு வசதியை வெர்லின் தானாகவே கண்டுபிடித்தாள். வளைவில் ஓடுவதால் எட்டுப் பேரும் ஒரே கோட்டில் நிற்பதில்லை. ஒன்றாம் தடம் எல்லோருக்கும் பின்னால் இருக்கும், துப்பாக்கிக்காரருக்குப் பக்கத்தில். எட்டாம் தடம் எல்லோருக்கும் முன்னால், அவரிடமிருந்து வெகுதூரத்தில். எட்டாம் தடம் விழுந்தால் எல்லா ஓட்டக்காரிகளும் தலையில் அடித்துக்கொள்வார்கள். முன்னால் யாரும் தெரியமாட்டார்கள், கண்ணைக் கட்டி ஓடுகிற மாதிரி. வெர்லினோ எட்டு விழ வேண்டும் என்று முதல்நாளே முழங்கால் போட்டு ஜெபிப்பாள். சீட்டுக் குலுக்கி எட்டு என்று சொன்னால் முகம் மலர்ந்துவிடும். வேறு எண் விழுந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஒன்றாம் தடம் விழுந்து, வயிற்றுவலி என்று சொல்லி ஓடாமலே திரும்பினாள்.

எட்டாம் தடத்தில் அவள் ஓடுவதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். மற்றவர்கள் எதையோ எட்டிப் பிடிக்க ஓடுவார்கள். இவள் எதனிடமிருந்தோ தப்பி ஓடுவாள். பின்னாலிருந்து வரும் காலடிச் சத்தம் நெருங்க நெருங்க இவள் வேகம் கூடும். பிரிட்ஜ்டவுன் செய்தித்தாள் ஒன்று ‘பயமறியாத கிரெனடா வீராங்கனை’ என்று படம் போட்டது. அதை மடித்து எனக்கு விசிறிவிட்டபடியே, “இவங்களுக்கு யாருடி சொன்னது?” என்றாள்.

வருஷத்துக்கு வருஷம் போட்டிகள் பெரிதாகின. கிங்ஸ்டன், சான் ஹுவான், ஒரு கோடை முழுக்க ஐரோப்பா. பதக்கம் என்று சொல்லிக்கொள்ள இரண்டு மூன்று வெண்கலம். அங்கே விடுதி அறைகளில் அவள் படுக்கும் கட்டில் எப்போதும் கதவுக்கு எதிர்ப்பக்கம். பட்டாசு வெடித்தால், காரின் புகைக்குழாய் வெடித்தால், தட்டு விழுந்தால்கூட அவள் தரையில் இருப்பாள். மற்ற நாட்டுப் பெண்கள் அதைப் பார்த்துச் சிரித்தால் நான் என் இரும்புக்குண்டை உள்ளங்கையில் உருட்டியபடி அவர்களைப் பார்ப்பேன். சிரிப்பு நின்றுவிடும்.

1991இல் ஹவானாவுக்குப் போனோம். அமெரிக்கக் கண்டத்து நாடுகளெல்லாம் கலந்துகொண்ட போட்டி. எங்கள் தடகளக் குழுவில் நாலே பேர், கூட ரெஜிஸ் சார். மைதானத்தின் ஒவ்வொரு வாசலிலும் சீருடைக்காரர்கள். காவலுக்குத்தான் நின்றார்கள், எங்களைப் பார்த்துப் புன்னகையும் செய்தார்கள். வெர்லின் அவர்களைக் கடக்கும்போதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நடந்தாள். என் முதுகு நல்ல அகலம்.

முதல் சுற்றில் அவளுக்கு எட்டாம் தடம்தான். சந்தோஷமாகப் போனவள், கால் ஊன்றும் கட்டைக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி இருப்பதைப் பார்த்தாள்.

“இது என்ன சார்?”

“ஒலிபெருக்கி. துப்பாக்கியோட இதுக்கு ஒயர் இருக்கு. ஒண்ணாம் தடத்துக்கும் எட்டாம் தடத்துக்கும் சத்தம் ஒரே நேரத்துல கேக்கணும்ல? அதான் நியாயம்.”

“எனக்கு நியாயம் வேணாம் சார். தூரம் வேணும்.”

சார் என்ன செய்வார்? அவள் முதுகைத் தட்டி அனுப்பினார். துப்பாக்கி அவள் பிடரியிலேயே வெடித்தது. விழவில்லை. விழக்கூட அவளுக்குத் தெரியவில்லை. வெறிபிடித்தவள் மாதிரி ஓடினாள். அவள் வாழ்நாளிலேயே அதுதான் மிக வேகமான ஓட்டம். இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். சார் குதித்தார். “அந்தப் பெட்டிய நம்ம ஊருக்குத் தூக்கிட்டுப் போயிடணும்!” வெர்லின் வேலியோரம் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது உதடு வெளுத்திருந்தது. “இன்னொரு தடவை என்னால முடியாது டெஸ்ரா. அது என் காதுக்குள்ள இருக்கு” என்றாள்.

இறுதிச் சுற்று மறுநாள் சாயங்காலம். மறுபடியும் எட்டாம் தடம். நான் வீரர்கள் வெளியே வரும் சுரங்க வழியின் வாயில் நின்றேன். ஸ்பானியத்தில் ஏதோ சொன்னார்கள். எல்லோரும் குனிந்தார்கள்.

வெடித்தது. உடனே இன்னொரு தடவை வெடித்தது.

மூன்றாம் தடத்துப் பெண் முந்திக் கிளம்பிவிட்டாள். எல்லோரையும் திரும்பக் கூப்பிடத்தான் இரண்டாவது வெடி. ஏழு பேர் வேகத்தைக் குறைத்து நின்றார்கள். வெர்லினுக்கு அது இரண்டாவது குண்டு. அவ்வளவுதான். அவள் ஓடினாள். முதல் வளைவைத் தனியாகத் தாண்டினாள். எதிர்ப்பக்க நேர்பாதையில் தனியாகப் பறந்தாள். ஜனங்கள் முதலில் சிரித்தார்கள், விசிலடித்தார்கள். நான் கத்தினேன். யாருக்குக் கேட்கும்? கடைசி வளைவில் சீருடை போட்ட அதிகாரி ஒருவர் இரண்டு கைகளையும் விரித்து அவளை மறித்து நின்றார்.

அவர் நல்லதைத்தான் செய்தார். ஆனால் அவள் பார்த்தது ஒரு சிப்பாயை. அலறிக்கொண்டு தடத்தைவிட்டு விலகினாள். விளம்பரப் பலகைமேல் கால் வைத்துத் தாண்டிக் குதித்தாள். ஜனங்களின் சிரிப்பு நின்றுபோயிற்று. என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு சுரங்க வழிக்குள் ஓடி மறைந்தாள்.

தடைதாண்டும் சட்டங்களை அடுக்கி வைத்திருந்த ஓர் அறையில், அவற்றுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். தலைமேல் இரண்டு கைகளும். நான் தரையில் உட்கார்ந்தேன்.

“நான்தான்டி. டெஸ்ரா.”

“நீ செத்துட்ட.”

“சாகலடி. பாரு, எவ்வளவு கனமா இருக்கேன்.”

அவள் விரல்களுக்கிடையே என்னைப் பார்த்தாள். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. பிறகு எட்டு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னாள். “நான் உன்னப் பாத்தேன் டெஸ்ரா. புதருக்குள்ள நீ கை நீட்டினத பாத்தேன். பாத்துட்டுத்தான் ஓடினேன். உங்கம்மா வந்து கேட்டப்ப நீ செத்துட்டன்னு சொல்லவும் முடியல, உயிரோட இருக்கன்னு சொல்லவும் முடியல.”

“தெரியும்டி. நானும் உன்னப் பாத்தேனே.”

“அப்புறம் ஏன்டி ஒரு வார்த்தை கேக்கல?”

“என்னன்னு கேக்கறது? நீ நின்னிருந்தா என்ன பண்ணியிருப்ப? என்னத் தூக்கியிருப்பியா? அப்பவே நான் உன்ன மாதிரி ரெண்டு மடங்கு. ரெண்டு பேரும் அங்கயே கிடந்திருப்போம். நீ ஓடினதுதான் சரி.”

அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ, வாசலில் ரெஜிஸ் சார் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. “அதிகாரிங்க கேக்கறாங்க. அவ மேல தப்பு இல்லையாம், ஓட்டத்த நிறுத்தி வச்சிருக்காங்க, வந்தா ஓடலாம். நான் வரமாட்டான்னு சொல்லிடறேன். சொல்லட்டுமா?” அந்த மனிதர் கெஞ்சவில்லை, நாட்டுக்காக என்று பேசவில்லை.

வெர்லின் தன் காலணிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள். “பயமா இருக்கு சார்” என்றாள். “தெரியும்மா” என்றார். “ரொம்பப் பயமா இருக்கு” என்றபடியே எழுந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்துக்கு நடந்தாள்.

அப்புறம் நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ஓட்டக்காரிகளின் மேலுடைகளைக் கூடையில் எடுத்துப்போக ஒவ்வொரு தடத்துக்கும் ஓர் ஆள் உண்டு. எட்டாம் தடத்துக்கு நரைத்த தலையோடு ஒரு கியூபாக்காரி. வெர்லின் அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்ப்பதையும் கண்ணை மூடிக்கொள்வதையும் அவள் கவனித்தாள். கூடையிலிருந்து வெர்லினின் கம்பளி மேல்சட்டையை எடுத்தாள். அதை நாலாக மடித்து, கைதவறி விழுந்த மாதிரி அந்தப் பெட்டியின் மேல் போட்டாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல நகர்ந்து நின்றாள். அதிகாரிகள் பார்க்கவில்லையா, பார்த்தும் விட்டுவிட்டார்களா, எனக்குத் தெரியாது.

துப்பாக்கி வெடித்தது. வெர்லின் தாமதமாகத்தான் கிளம்பினாள். தோள் குலுங்கியது, ஆனால் விழவில்லை. ஏற்கெனவே முக்கால் சுற்று ஓடிய கால்கள். பாதி வழியில் எல்லோரும் அவளைத் தாண்டிவிட்டார்கள். அவளுக்கு முன்னால் ஆள்கள் ஓடுவதை நான் அன்றுதான் அதிகநேரம் பார்த்தேன். கடைசி நேர்பாதையில் பல்லைக் கடித்து இரண்டு பேரைப் பிடித்தாள். ஆறாவது. கோட்டைத் தாண்டி நின்றாள். நின்றே நின்றாள், எங்கேயும் ஓடவில்லை. கூடைக்காரியைத் தேடிப் போய்க் கட்டிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடத் தெரியாது.

அதோடு பயம் போய்விட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். போகவில்லை. இன்னும் நாலைந்து வருஷம் ஓடினாள், ஒவ்வொரு தடவையும் நடுங்கிக்கொண்டேதான் ஓடினாள். ஒரு தடவை மட்டும் தங்கம் வாங்கினாள், பக்கத்துத் தீவில், காலி மைதானத்தில், அடைமழையில். பிறகு தொடைத்தசை கிழிந்தது. ஊருக்கு வந்து ஜாதிக்காய்க் கிட்டங்கியில் காய் தரம் பிரிக்கும் வேலையில் சேர்ந்தாள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மெதுவாகப் பேசிக்கொண்டே செய்கிற வேலை. அவளுக்குப் பிடித்திருந்தது.

போன வருஷம் பள்ளி விளையாட்டு விழாவுக்கு அவளைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். மாலை போட்டார்கள், கைதட்டினார்கள். விழாத் தலைவர் ஒலிபெருக்கியில், “நம் பயமறியாத வீராங்கனை இப்போது துப்பாக்கி சுட்டுப் போட்டியைத் தொடங்கி வைப்பார்” என்று அறிவித்து, துப்பாக்கியை ஒரு வெள்ளித்தட்டில் வைத்து நீட்டினார்.

வெர்லின் தட்டைப் பார்த்தாள். ஒலிவாங்கியைக் கையில் வாங்கினாள். “என்னால முடியாதுங்க. எனக்குத் துப்பாக்கின்னா பயம். பதினஞ்சு வயசுல கோட்டையில இருந்தேன். அன்னிக்கிருந்து பயம். ஓடின ஒவ்வொரு ஓட்டமும் அந்தப் பயத்துலதான் ஓடினேன்” என்றாள். குரல் நடுங்கியது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லையே. தலைவர் தட்டைப் பிடித்தபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அப்போது பார்வையாளர் வரிசையிலிருந்து, சோளம் சுட்டு விற்கிற ஒரு பெண், எங்கள் வயதுதான் இருக்கும், எழுந்து நின்றாள்.

“நானும் அங்கதான் இருந்தேன் மொடெஸ்ட்! வீட்டுல கதவு படார்னு சாத்தினா இன்னும் மூத்திரம் வந்துடுது!”

யாரோ சிரித்தார்கள். ஆனால் அது கேலிச் சிரிப்பாக இல்லை. இன்னொரு மூலையில் சட்டை மடிப்புக் கலையாத மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கையைத் தூக்கினார். தூக்கிய கையைக் கீழே போடவில்லை. ஓர் ஆசிரியை முகத்தை மூடிக்கொண்டாள்.

கடைசியில் தலைவரே சுட்டார். வெர்லின் அதற்குள் என் பக்கத்தில் வந்து குந்தி, காதுகளைப் பொத்திக்கொண்டுவிட்டாள். நானும் பொத்திக்கொண்டேன். சோளக்காரியும் பொத்திக்கொண்டிருந்தாள். வெடித்ததும் பிள்ளைகள் ஓடினார்கள். வெர்லின் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

“நாலாம் தடத்துப் பொண்ணு நல்லா ஓடுதுல்ல?” என்றாள். பிறகு என் கையை இழுத்தாள். “வா, போயிடலாம். முடிவுல வாணவேடிக்கையாம்.”